ஈஸ்டர் விடுமுறையில் குடும்பத்தோடு பனிச்சறுக்கு, திரும்பியதும் சித்திரை: இங்கிலாந்தில் வாழும் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பம் முதன்முதலாக ஆல்ப்ஸ் மலைக்குப் பனிச்சறுக்குக்குப் போவதற்கு ஈஸ்டர் விடுமுறை மிக ஏற்ற காலம். பகல் நீண்டிருக்கும்; கடுங்குளிர் குழந்தைகளை வாட்டாது; பிப்ரவரி அரைப்பருவ விடுமுறையின் நெரிசலும் பெரும்பாலும் இருக்காது. ஆனால் வீட்டுத் தோட்டம் விழித்துக்கொள்வதும் அதே வாரங்களில்தான், சித்திரை முதல் நாள் வருவதும் அதை ஒட்டித்தான். புதிதாகப் போகிறவர்கள் தடுமாறுவதைத் தொடர்ந்து பார்த்துவருகிறேன். அவர்களிடம் குறைவது பணமோ துணிவோ அல்ல, வேலைகளின் வரிசை. விமானச் சீட்டை முதலில் வாங்கிவிட்டு மற்றவற்றை அதற்கேற்ப வளைக்க முயல்கிறார்கள். இந்த வழிகாட்டி பயணத்தையும் வீட்டையும் ஒரே நாள்காட்டியில் வைத்து, எதை எப்போது, ஏன் செய்ய வேண்டும் என்று சொல்கிறது.

1. தேதியைப் பார்த்து ஊரின் உயரத்தைத் தீர்மானியுங்கள்

ஈஸ்டர் ஆண்டுதோறும் நகரும் பண்டிகை. 2027-இல் அது மார்ச் 28 அன்று வருகிறது. 2028-இல் ஏப்ரல் 16. இந்த இடைவெளி பனியைப் பொறுத்தவரை பெரிது. மார்ச் இறுதி என்றால் நடுத்தர உயரமுள்ள ஊர்களிலும் நல்ல பனி இருக்க வாய்ப்புண்டு. ஏப்ரல் நடுப்பகுதி என்றால் உயரமான ஊரைத் தவிர வேறெதையும் நம்ப வேண்டாம். பிரான்சில் வால் தொரான்ஸ் சுமார் 2,300 மீட்டரிலும், தீஞ் சுமார் 2,100 மீட்டரிலும், ஆஸ்திரியாவில் ஓபர்குர்கல் சுமார் 1,930 மீட்டரிலும் இருக்கின்றன. மோர்சின் போன்ற அழகான ஊர்கள் ஏறக்குறைய 1,000 மீட்டரில் இருப்பதால் ஏப்ரலில் அங்கே தெருவோரம் புல்லைத்தான் பார்ப்பீர்கள்.

இங்கே பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. விளம்பரங்கள், சறுக்குபவர்களை மேலே ஏற்றும் லிஃப்ட்களில் மிக உயர்ந்தது போய்ச் சேரும் சிகரத்தின் உயரத்தைப் பெரிதாகப் போடும். முதல் முறை சறுக்குபவருக்கு அந்த உயரத்தால் பயனில்லை. ஆரம்பப் பயிற்சிச் சரிவுகள் பெரும்பாலும் ஊரை ஒட்டியே இருப்பதால், ஊரின் உயரத்தைத்தான் பார்க்க வேண்டும். அச்சரிவு வடக்கு நோக்கி இருந்தால் இன்னும் நல்லது. வெயில் நேராக விழாததால் பனி அங்கே நாள் கணக்கில் கூடுதலாக நிற்கும்.

2. கடவுச்சீட்டும் விசாவும்

பிரிட்டிஷ் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு விசா வேண்டாம். ஆனால் ஷெங்கன் பகுதிக்குள் (தமக்கிடையே எல்லைச் சோதனையை நீக்கிய ஐரோப்பிய நாடுகளுக்குள்) நுழையும் நாளில் கடவுச்சீட்டு வழங்கப்பட்டு 10 ஆண்டுகள் கடந்திருக்கக் கூடாது. வெளியேறும் நாளுக்குப் பின் குறைந்தது 3 மாதம் செல்லுபடியாக வேண்டும். காலாவதித் தேதியை மட்டும் பார்த்து, வழங்கிய தேதியைப் பார்க்காமல் விடுவதே வழக்கமான தவறு. 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய ஐரோப்பிய எல்லைப் பதிவு முறையில் கைரேகையும் முகப்படமும் எடுக்கிறார்கள். 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு முகப்படம் மட்டும். வரிசை நீளலாம் என்பதால், இறங்கியவுடன் புறப்படும் பேருந்துக்குச் சீட்டு எடுக்காதீர்கள்.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டில் இங்கே வாழ்பவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாளுக்கு முன்பாவது விண்ணப்பித்திருக்க வேண்டும் என்பது விதி. விண்ணப்ப மையத்தில் ஈஸ்டருக்கு முந்தைய நேரங்கள் விரைவில் தீர்ந்துவிடுவதால், அந்த 15 நாளை நம்பி இருக்க வேண்டாம். அதிக இரவுகள் எந்த நாட்டில் தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்கே விண்ணப்பிக்க வேண்டும். விமானம் ஜெனீவாவில் இறங்குகிறது என்பதற்காகச் சுவிட்சர்லாந்துக்கு விண்ணப்பித்துவிட்டு, தங்கும் விடுதி பிரான்சில் இருப்பதால் திருப்பி அனுப்பப்படுபவர்கள் உண்டு.

3. பயிற்சி, அறை, பயணம்: இந்த வரிசையில் பதிவு செய்யுங்கள்

முதலில் குழந்தைகளின் பயிற்சி வகுப்பு. பிரான்சில் ஈ.எஸ்.எஃப் எனப்படும் பள்ளியின் கிளைகள் ஏறத்தாழ எல்லாச் சறுக்கு ஊர்களிலும் உண்டு. சிறியவர்களுக்கு 3 வயது முதலே பியூ-பியூ என்னும் தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள். பல இடங்களில் வாரப் பயிற்சி ஞாயிறன்றோ திங்களன்றோ தொடங்கி வெள்ளி வரை நடக்கும். அதனால் நீங்கள் சனிக்கிழமை போய்ச் சேர்ந்தாக வேண்டும். விமானம் மலிவாகக் கிடைத்தது என்று செவ்வாய்க்கிழமை போனால் வகுப்பு பாதியைத் தாண்டியிருக்கும். குழந்தை தன் குழுவுக்குப் பின்தங்கி அழும்.

காலை வகுப்பையே கேளுங்கள். வசந்தகாலப் பனி இரவில் இறுகி, முற்பகலில் இளகி, பிற்பகலில் கஞ்சி போலக் குழைந்துவிடும். குழைந்த பனியில் காலில் மாட்டிய சறுக்குப் பலகையைத் திருப்பப் பெரியவர்களுக்கே முழங்கால் வலிக்கும்; ஐந்து வயதுக் குழந்தைக்கு அது வெறும் சோர்வு.

பெற்றோரும் வகுப்பில் சேர வேண்டும். தம் பிள்ளைக்குத் தாமே கற்றுத்தர முயலும் தந்தையர் தம் விடுமுறையையும் பிள்ளையின் விடுமுறையையும் கெடுத்துக்கொள்வதைக் கண்டிருக்கிறேன். ஆசிரியர் சொன்னால் எழுந்து நிற்கும் குழந்தை, அப்பா சொன்னால் பனியில் உட்கார்ந்துகொள்ளும்.

அடுத்து அறை. பயிற்சி தொடங்கும் இடத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் தேடுங்கள். சறுக்குக்கான கனத்த பூட்ஸ் அணிந்துகொண்டு, இரண்டு பேரின் பலகைகளைத் தோளில் தாங்கி, ஒரு குழந்தையின் கையையும் பிடித்துக்கொண்டு நடப்பது ஒவ்வொரு காலையும் நடக்கும் வேலை. அரை கிலோமீட்டர் என்பது அந்த நிலையில் சிறிய தூரமல்ல. இதற்காகக் கூடுதலாகக் கொடுக்கும் வாடகை வீண் அல்ல என்பது என் உறுதியான கருத்து.

லிஃப்ட் பாஸ் விஷயத்தில் மாறாகச் சிக்கனமாக இருங்கள். வால் தொரான்ஸ் அடங்கிய மூன்று பள்ளத்தாக்குப் பகுதியில் சுமார் 600 கிலோமீட்டர் சறுக்குப் பாதைகள் உண்டு. முதல் வாரத்தில் அதில் ஒரு மூலையைக்கூட நீங்கள் தாண்டப்போவதில்லை. பல ஊர்களில் ஆரம்பநிலையினருக்கான லிஃப்ட்கள் இலவசம், அல்லது குறைந்த விலையில் தனிப் பாஸ் உண்டு. எந்தப் பாஸ் தேவை என்று பயிற்சிப் பள்ளியிடம் எழுதிக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பயணச் சீட்டு கடைசி. விமான நிலையத்திலிருந்து மலை ஏறும் வண்டியில் குழந்தை இருக்கை வேண்டும் என்று பதிவிலேயே குறிப்பிடுங்கள். கொண்டைஊசி வளைவுகள் தொடங்கும் முன் குழந்தைகளுக்கு லேசாக மட்டும் உணவு கொடுங்கள். சொந்தக் காரில் போகிறவர்கள், பிரான்சின் மலை மாவட்டங்கள் பலவற்றில் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை குளிர்கால டயரோ சக்கரச் சங்கிலியோ கட்டாயம் என்பதை நினைவில் கொள்ளுங்கள். ஏப்ரலில் சட்டக் கட்டாயம் இல்லாவிட்டாலும் சங்கிலி வண்டியில் இருக்கட்டும். உயரத்தில் பனிப்பொழிவு நாள்காட்டியைப் பார்த்து வருவதில்லை.

4. காப்பீடு

வெளிநாட்டுச் சிகிச்சைக்காகப் பிரிட்டன் வழங்கும் ஜி.எச்.ஐ.சி அட்டை அரசு மருத்துவமனைச் சிகிச்சைக்கு உதவும். சரிவிலிருந்து உங்களைக் கீழே கொண்டுவரும் செலவுக்கோ, தனியார் மருத்துவமனைக்கோ, நாடு திரும்பும் செலவுக்கோ உதவாது. விசாவுக்காக வாங்கும் 30,000 யூரோ காப்பீடும் பனிச்சறுக்கை உள்ளடக்கியிருக்க வேண்டும் என்பதில்லை. "குளிர்கால விளையாட்டு" என்று தனியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிரான்சில் லிஃப்ட் பாஸுடன் சேர்த்து நாள் கணக்கில் கார்ரே நேஜ் என்னும் காப்பீடும் விற்கிறார்கள். மீட்புச் செலவுக்கு அது பயன்படும். இத்தாலிக்குப் போகிறவர்களுக்குப் பிறருக்கு ஏற்படும் காயத்துக்கான பொறுப்புக் காப்பீடு சட்டப்படி கட்டாயம். 2025-26 பருவத்திலிருந்து எல்லா வயதினருக்கும் ஹெல்மெட்டும் அங்கே கட்டாயம். மற்ற நாடுகளிலும் ஹெல்மெட் இல்லாமல் யாரையும் சரிவில் இறக்காதீர்கள்.

5. பிப்ரவரி: விதைப்பைப் பயணத் தேதியோடு பொருத்துங்கள்

வசந்தத்தை வரவேற்பது திரும்பி வந்த பிறகு தொடங்கும் வேலை என்று பலர் எண்ணுகிறார்கள். அது பிப்ரவரியில் சன்னல் ஓரத்தில் தொடங்குகிறது. மிளகாய், கத்தரி இரண்டுக்கும் இங்கிலாந்துக் கோடை குறுகியது என்பதால் பிப்ரவரியிலேயே விதைக்க வேண்டும். முளைக்க 20 முதல் 25 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். தக்காளியைப் பிப்ரவரி இறுதியிலோ மார்ச் முதல் வாரத்திலோ விதையுங்கள்.

விதி இதுதான்: புறப்படுவதற்கு முந்தைய பத்து நாள்களில் எதையும் விதைக்காதீர்கள். முளைவிட்ட முதல் வாரத்தில் நாற்றுக்கு அன்றாடக் கவனிப்பு வேண்டும். வெளிச்சம் போதாவிட்டால் வெளிறி நெடுகி வளரும், மண் ஒருநாள் காய்ந்தாலும் சாயும். முன்பே விதைத்துத் தனித்தனித் தொட்டிக்கு மாற்றிய நாற்று ஒரு வாரத் தனிமையைத் தாங்கும். விதைக்க நேரமில்லாமல் போனால் திரும்பி வந்து விதைக்கலாம், அல்லது மே மாதம் நாற்றாகவே வாங்கலாம்.

ரோஜாச் செடியின் கவாத்தையும் மார்ச் தொடக்கத்துக்குள் முடித்துவிடுங்கள். வேலி கத்தரிக்க வேண்டியிருந்தால் அதையும் பிப்ரவரிக்குள் முடிக்க வேண்டும். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை பறவைகள் கூடு கட்டும் காலம், குஞ்சோ முட்டையோ உள்ள கூட்டை வேண்டுமென்றே சிதைப்பது 1981-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

6. போகும் முன் இங்கேயே ஒத்திகை

ஹெமல் ஹெம்ப்ஸ்டெட், மில்டன் கீன்ஸ், டாம்வொர்த், மான்செஸ்டர் ஆகிய இடங்களில் கூரைக்குள் உண்மையான பனியுள்ள சரிவுகள் இருக்கின்றன. ஆல்ப்ஸ் போகும் முன் குடும்பமாக இரண்டொரு பாடம் அங்கே எடுத்தால், பூட்ஸின் இறுக்கமும் விழுந்து எழும் முறையும் பழகிவிடும். முதல் நாளின் அழுகை பெரும்பாலும் பயத்தால் வருவதில்லை, காலில் இருக்கும் விசித்திரமான கனத்தால் வருகிறது. அதை வீட்டுக்கு அருகிலேயே தீர்த்துவிடலாம்.

7. உடைகள்

உள்ளே தெர்மல், நடுவில் மெல்லிய ஃப்லீஸ், மேலே தண்ணீர் புகாத மேலங்கியும் கால்சட்டையும். பருத்தி உடை வேண்டாம். வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருந்து உடலைக் குளிர்விக்கும். ஏப்ரல் பனி ஈரமானது என்பதால் ஆளுக்கு இரண்டு ஜோடிக் கையுறை வேண்டும். ஒன்று நனைந்து காயும்போது மற்றொன்று கையில் இருக்கும். மேலங்கியை வாங்காமல் வாடகைக்கோ தெரிந்தவர்களிடம் இரவலாகவோ பெறுங்கள். காலுறை, கையுறை, காகிள்ஸ் எனும் சறுக்குக் கண்ணாடி மூன்றையும் சொந்தமாக வாங்குங்கள்.

நம் நிறத்துக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்ற எண்ணத்தை விட்டுவிட வேண்டும். ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏற்றத்துக்கும் புற ஊதாக்கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. புதுப் பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பி வீசும். வெளிச்சம் கீழிருந்தும் வருவதால் தாடைக்கு அடியிலும் மூக்கின் கீழும் எஸ்.பி.எஃப் 50 களிம்பைத் தடவ வேண்டும். காகிள்ஸின் கண்ணாடியை இருட்டின் அளவைப் பொறுத்து வகை பிரிக்கிறார்கள்; வெயில் நாளுக்கு மூன்றாம் வகை பொருந்தும். மேகமூட்டத்தில் அது இருட்டாக இருக்கும் என்பதால் வெளிர்ந்த முதல் வகையும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நீண்ட கூந்தலைக் கழுத்துக்குக் கீழே தாழ்வாகப் பின்னி மேலங்கிக்குள் விட்டுவிட வேண்டும். கொண்டை இருந்தால் ஹெல்மெட் உட்காராது. வெளியே தொங்கும் பின்னல் லிஃப்ட்டில் சிக்கும். தோடுகளைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

8. சமையல்

சமையலறையுள்ள அறையை எடுத்திருந்தால் ஒரு சிறிய பிரஷர் குக்கரைக் கண்டிப்பாகக் கொண்டுபோங்கள். 2,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் சோறு நடுவில் விறைத்து நிற்கும், துவரம்பருப்பு மணிக்கணக்கில் வேகாது. அறையில் இண்டக்‌ஷன் அடுப்பு என்றால் அலுமினியக் குக்கர் சூடாகாது. இண்டக்‌ஷனுக்கு ஏற்ற அடிப்பாகமுள்ள ஸ்டீல் குக்கர் வேண்டும். அடிப்பாகத்தில் காந்தம் ஒட்டுகிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள்.

பிரிட்டனிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பால்பொருளும் கொண்டுபோக அனுமதி இல்லை. நெய், தயிர், பனீர், கோழிக்கறி எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். பச்சைக் கறிவேப்பிலைக்கும் தாவரச் சான்றிதழ் இல்லாமல் வழி இல்லை. அரிசி, பருப்பு, பொடிகள், புளி போதும்; தயிரும் காய்கறியும் அங்கே கிடைக்கும். திரும்பும்போதும் இதே கவனம் தேவை: 2025 ஏப்ரல் முதல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டனுக்குச் சீஸும் இறைச்சியும் தனிப்பட்ட முறையில் கொண்டுவரத் தடை இருக்கிறது.

சைவ உணவுக்காரர்கள் கவனிக்க: மலை உணவகங்களின் தார்த்திஃப்லெட் என்னும் உருளைக்கிழங்கு, சீஸ் பண்டத்தில் பன்றி இறைச்சித் துண்டுகள் இருக்கும். அவை லார்தோன் என்ற பெயரில் பட்டியலில் இருக்கும். அது இல்லாமல் கிடைக்குமா என்று கேளுங்கள்.

9. புறப்படும் வாரம் வீட்டில்

நாற்றுகளைத் தெற்குச் சன்னலிலிருந்து கிழக்குச் சன்னலுக்கு மாற்றுங்கள். ஏப்ரல் நண்பகல் வெயில் கண்ணாடி வழியே சிறு தொட்டியை ஒரே நாளில் காயவைத்துவிடும். தண்ணீரை உறிஞ்சிக் கொடுக்கும் விரிப்பின் மேல் தொட்டிகளை வைத்து, விரிப்பின் ஒரு முனையைத் தண்ணீர்த் தட்டில் விட்டால் ஒரு வாரம் தாங்கும். அண்டை வீட்டாரிடம் சாவி கொடுப்பதானால், தொட்டியைத் தூக்கிப் பார்த்து எடை குறைந்திருந்தால் மட்டும் ஊற்றச் சொல்லுங்கள். அன்பு மிகுதியால் தினமும் ஊற்றப்பட்ட நாற்றுகள்தாம் அதிகம் அழுகுகின்றன.

வெப்ப அமைப்பை முழுதாக அணைக்காமல் 14, 15 டிகிரியில் விடுங்கள். மிளகாய் நாற்றின் வளர்ச்சி குளிரில் நின்றுபோகும். டாஃபடில் பூக்கள் வாடியிருந்தால் தலையை மட்டும் கிள்ளி, இலையைச் சுமார் ஆறு வாரம் விட்டுவிட வேண்டும். அடுத்த ஆண்டுப் பூவுக்கான உணவை அந்த இலைதான் கிழங்கில் சேர்க்கிறது. மார்ச் கடைசி ஞாயிறு அதிகாலை ஒரு மணிக்குக் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போகும். 2027-இல் அது ஈஸ்டர் ஞாயிறே. அன்று காலை விமானம் என்றால் உறக்கத்தில் ஒரு மணி நேரம் குறையும்.

10. வாடகைக் கடையில் பூட்ஸ்

முதல் வாரத்தின் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது பூட்ஸ். போய்ச் சேர்ந்த மாலையே கடைக்குப் போங்கள். மறுநாள் காலை போனால் அவசரத்தில் பொருந்தாததை வாங்கி வருவீர்கள்.

முழங்கால் வரை வரும் ஒரே ஒரு காலுறை போதும். இரண்டு அணிந்தால் மடிப்பு விழுந்து புண்ணாகும், இரத்த ஓட்டம் குறைந்து குளிரும் கூடும். தெர்மலின் கால்முனையைப் பூட்ஸுக்கு மேலேயே சுருட்டி நிறுத்துங்கள். உள்ளே போகும் ஒவ்வொரு மடிப்பும் கணைக்காலின் முன்எலும்பை அழுத்தும். காலை நுழைத்ததும் குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னுக்குத் தள்ளி, கணுக்கால் கொக்கியை முதலில் மாட்டுங்கள். நேராக நிற்கும்போது விரல்நுனி முன்பக்கத்தைத் தொட வேண்டும். முழங்காலை முன்னே மடக்கினால் விரல் விலக வேண்டும். நேராக நிற்கும்போதே தாராளமாக இடம் இருந்தால் அது பெரிய அளவு, வசதியாகத் தோன்றினாலும் மாற்றிக் கேளுங்கள்.

எடை, உயரம், வயது, திறன் நான்கையும் கடைக்காரர் கேட்பார். விழும்போது பலகையைக் காலிலிருந்து விடுவிக்கும் பைண்டிங்கின் இறுக்கத்தை இவற்றை வைத்தே அமைக்கிறார். கூச்சத்தால் எடையைக் குறைத்துச் சொன்னால் தேவையில்லாத இடத்தில் பலகை கழன்றுகொள்ளும். "நடுத்தரத் திறன்" என்று கூட்டிச் சொன்னால் கழல வேண்டிய நேரத்தில் கழலாமல் முழங்கால் முறுக்கும். உண்மையைச் சொல்லுங்கள்.

11. சரிவில் ஒரு நாள்

காலை வகுப்பு, மதிய உணவு, அதன் பிறகு ஆசிரியர் காட்டிய பாதையிலேயே ஓரிரு முறை மட்டும். இரண்டு மணிக்கெல்லாம் நிறுத்திவிடுங்கள். களைத்த கால்களும் குழைந்த பனியும் சேரும் பிற்பகலில் விழுவது எளிது. பிரான்சில் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று பாதைகள் கடினமாகும்; ஆஸ்திரியாவில் பெரும்பாலும் நீலத்திலிருந்தே தொடங்கும். முதல் வாரத்தில் நீலத்தைத் தாண்ட வேண்டியதில்லை.

முன்னே, கீழே போய்க்கொண்டிருப்பவருக்கே முன்னுரிமை; பின்னால் வருபவர்தான் விலக வேண்டும். நிற்பதானால் பாதையின் ஓரத்தில், மேலிருந்து வருபவர் கண்ணில் படும் இடத்தில் நில்லுங்கள். மேட்டுக்குக் கீழே மறைவில் நின்று புகைப்படம் எடுப்பது மிக ஆபத்தான பழக்கம். வெயில் ஏறியபின் ஈரப் பனிச்சரிவு அபாயம் கூடும் என்பதால் மூடிய பாதையின் கயிற்றைத் தாண்டாதீர்கள். குழந்தையின் சட்டைப்பையில் பெற்றோரின் தொலைபேசி எண் எழுதிய அட்டை இருக்கட்டும். அவசர எண் 112.

12. திரும்பியதும்

முதல் நாள் மாலையே நனைந்த எல்லாவற்றையும் விரித்துக் காயவிடுங்கள். மூடிய பெட்டியில் இரண்டு நாள் கிடந்தால் பூஞ்சை பிடிக்கும். புல்வெளி உலர்ந்திருந்தால் வெட்டும் கருவியின் கத்தியை உயர்த்தி வைத்து ஒரு முறை வெட்டுங்கள். முதல் வெட்டிலேயே ஒட்ட வெட்டினால் பாசி முந்திக்கொள்ளும். புனித வெள்ளியன்று உருளைக்கிழங்கு ஊன்றுவது இங்கே பழைய வழக்கம். தவறவிட்டவர்கள் ஏப்ரல் இறுதி வரை ஊன்றலாம்.

ஏப்ரல் 14 சித்திரை முதல் நாள் என்பதால், திரும்பும் தேதிக்கும் அதற்கும் இடையே இரண்டு நாளாவது விட்டுப் பயணத்தை அமையுங்கள். 2028 போல ஈஸ்டர் தாமதமாக வந்தால், விடுமுறையின் முதல் வாரத்திலேயே போய்வந்துவிட முடிகிறதா என்று பாருங்கள். உலர்ந்த வேப்பம்பூவையும் வெல்லத்தையும் புறப்படும் முன்பே வாங்கி வைத்தால், வந்தபின் மாங்காய் மட்டும் வாங்கிப் பச்சடி செய்யலாம். கனி காணும் வழக்கமுள்ள வீடுகளில் முந்திய இரவே கண்ணாடி, பழம், நகை, வெற்றிலையோடு தட்டை அடுக்கிவிட வேண்டும். கொன்றைப்பூ கிடைக்காத இந்நாட்டில் தோட்டத்து டாஃபடிலே மஞ்சளுக்குப் போதும். யாழ்ப்பாணத்து முறைப்படி மருத்துநீர் என்னும் மூலிகை நீரைத் தலையில் வைத்து நீராடுபவர்கள், அது எப்போது கிடைக்கும் என்று அருகிலுள்ள கோயிலில் பயணத்துக்கு முன்பே விசாரித்து வையுங்கள்.

நாற்றுகளை மட்டும் அவசரப்பட்டு வெளியே நட வேண்டாம். தென் இங்கிலாந்திலேயே மே நடுப்பகுதி வரை இரவு உறைபனி விழக்கூடும். மே தொடக்கத்திலிருந்து ஏழு முதல் பத்து நாள், பகலில் வெளியே வைத்து இரவில் உள்ளே எடுத்துப் பழக்கி, தொடர்ந்து சில இரவுகள் 10 டிகிரிக்குக் கீழே போகாமல் இருப்பதைப் பார்த்தபின் தக்காளியை நடுங்கள். மிளகாயும் கத்தரியும் இன்னும் இரண்டு வாரம் சன்னலிலேயே இருக்கட்டும்.